ரீல் கேமரா

எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்காவை என் பழைய ஃபிலிம் கேமராவில் படம் எடுத்தேன். உடனே காட்டச் சொன்னார்.

“இது ரீல் கேமராக்கா. கழுவினாத்தான் படம் தெரியும்.”

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், “நல்லா ரீல் விடுறாங்க!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“படத்தோட வரேன், பாருங்க” என்று சவால் விட்டேன்.

கழுவிப் பார்த்தால் ஒரு படம்கூட விழவில்லை. அந்தப் பக்கமே திரும்பாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் நேராக அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் ஆட்டோக்காரர்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீ மறுபடி எடும்மா. ரீல் விடுறவ திரும்பி வருவாளா?”