கரிசலில் நின்ற முட்டுகள்

பாலத்துக்குக் கான்கிரீட் போடும்போது அதை ஏந்தும் பலகைக்கு அடியில் ஒரு தச்சன் இருப்பான். மேலே பாரம் ஏற ஏற, தாங்கி நிற்கும் முட்டுகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவான். சத்தம் கெட்டியாக வந்தால் முட்டு பிடித்திருக்கிறது. பொத்தென்று வந்தால் அடியில் ஆப்பை இறுக்க வேண்டும். சிவகாசிப் பக்கம் ரயில்வே மேம்பாலத்தில் நான் தச்சு மேஸ்திரி. அடியில் தட்டியவன் என் மச்சினன்.

அதற்கு முன் அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தினான். என் மனைவிக்கு ஒரே தம்பி. எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் அவள் போனைத்தான் எடுப்பாள். அவனை உங்ககூட வச்சுக்கிடுங்க என்று ஒரு வருஷம் கேட்டாள். கூட்டி வந்தேன். "மரம் வெடிக்காதுல்ல அத்தான், அக்கா இனி தூங்கும்" என்று சிரித்தான். நாலு மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. அவனுக்கு நல்ல காது.

அன்று கடும் வெயில். காய்ந்த பலகை கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று முதலில் நனைப்பது வழக்கம். நன்றாக நனையட்டும், ஹோஸைத் திறந்து விடுங்கள் என்றேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இங்கே கீழே கரிசல் என்பதை யோசிக்கவில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் களி. வழிந்த தண்ணீரெல்லாம் முட்டுகளுக்கு அடியில் போயிற்று.

பாதி போட்டிருந்தோம். அடியிலிருந்து குரல் கொடுத்தான்.

"அத்தான், மூணாவது வரிசை எறங்குது. நிப்பாட்டிருவமா?"

நிறுத்தினால் போட்டதை உடைத்தெடுக்க வேண்டும். லாரிகள் வரிசையில் நின்றன. என்ஜினீயர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்.

"ஆப்ப இறுக்குலே, நிக்கும்" என்றேன்.

நாலு தட்டு கேட்டது. பிறகு என் காலடிப் பலகை சரிந்தது.

மண்வெட்டி அவன்மேல் பட்டுவிடுமோ என்று கையால் அள்ளினோம். கான்கிரீட் இறுக எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே என்னைவிட யாருக்குத் தெரியும்? அள்ள அள்ள இறுகிக்கொண்டே வந்தது.

மண் இறங்கியதால் நடந்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அந்தப் பாலத்தில் பஸ் போகிறது. போன மாதம்தான் என் மனைவி முதல்முறையாகக் கேட்டாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அவன் சொல்லாம இருக்க மாட்டானே" என்றாள். பிறகு சோற்றைப் போட்டாள். சாப்பிட்டேன்.