சோத்துக்கைப் பக்கம்

நர்சிங் பள்ளியில் எலும்பறையைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாத்தனார் வீட்டிலும் அதே பேர்தான். படிப்பு அஞ்சாங் கிளாஸ். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாக ஒரே பாடம்: மனுஷ உடம்பு, முதல் வருஷம். பிள்ளைகள் பாஸாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள், அவள் மட்டும் அதே வகுப்பில் இருந்தாள்.

அங்கே தொங்கும் எலும்புக்கூட்டைப் 'பெரியவர்' என்பாள். சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் பெரியவரைக் கழற்றி இரண்டு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பரீட்சையன்று காலை எட்டு மணிக்குள் கம்பி முறுக்கி அவரை நிற்க வைத்துவிட்டாள்.

மாற்றலாகி வந்திருந்த டீச்சர் பெரியவருக்கு எதிரே நின்று, தன் வலப்பக்கம் தெரிந்த கையில் 'வலது' என்றும் மற்றதில் 'இடது' என்றும் சீட்டு கட்டினார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். பெரியவரின் காலைப் பார்த்தார்.

"என்னம்மா இது? வலது தொடையெலும்பை இடது பக்கம் மாட்டியிருக்க! பத்து மணிக்குப் பிள்ளைங்க பரீட்சைக்கு வர்றாங்க. மாத்து. இல்லன்னா நாளையிலிருந்து துணி துவைக்கிற இடத்துக்குப் போயிடு."

அங்கே நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். அவள் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது. கம்பியை அவிழ்த்துத் தொடைகளை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"டீச்சர், மேல இருக்கிற பந்து வெளியே பாக்குது. இடுப்புக் குழியில உக்காராது."

"அழுத்தி மாட்டு."

"நெருக்கி உக்காரச் சொல்றதுக்கு இவரு என்ன பஸ்லயா போறாரு?"

டீச்சர் சிரிக்கவில்லை.

"இவரோட சோத்துக்கை எது, டீச்சர்?"

"எலும்புக்கூடு எங்கம்மா சாப்பிடுது?"

"இப்ப இல்ல. சாப்பிட்ட காலத்துல."

டீச்சர் 'வலது' சீட்டைக் காட்டினார்.

"அது நீங்க நிக்கிற இடத்துக்கு வலது. அவரு முதுகுப் பக்கம் போய் நின்னு, உங்க சோத்துக்கையை நேரா அவரு தோள்ல வைங்க."

டீச்சர் போனார், வைத்தார். அந்தத் தோளிலிருந்து தொங்கிய கையில் 'இடது' என்ற சீட்டு இருந்தது.

"சீட்டு கட்டினதுல ஒரு சின்னப் பிசகு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீச்சரே முடிச்சை அவிழ்த்துச் சீட்டுகளை மாற்றிக் கட்டினார். எலும்பக்கா தொடைகளைப் பழையபடி மாட்டினாள். பந்து குழியில் உட்கார்ந்தது.

பத்து மணிக்கு வாசலில் நின்ற பிள்ளைகளிடம் டீச்சர், "குழப்பமா இருந்தா பின்னாடி போய் நின்னு சோத்துக்கையைப் பாருங்க" என்று, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். துணி துவைக்கிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.