வண்டி ஆறட்டும்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதென்று முடிவானபோது, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கார் ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு சைக்கிளைத் தாண்டி எதிலும் நம்பிக்கை கிடையாது. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். ஓட்டப்போகிற அம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. மாடியில் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் பெரியம்மாவும். கீழே நாங்கள். அம்மாவுக்குத் திருவான்மியூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் தி.நகர் பேருந்து நிலையம் வரை நடை, அங்கிருந்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் பயணம். சாயங்காலம் அதே கூத்து திரும்பி நடக்கும். கைப்பையைக் கீழே வைக்குமுன் மாடியிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும். "வந்துட்டியா? காபி கலந்து எடுத்துட்டு மேல வா, தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது." அம்மா கலந்து எடுத்துப் போவாள். தினமும் நடப்பதால் யாருக்கும் அது விசேஷமாகப் பட்டதில்லை, எனக்கும்தான்.

அப்படிப்பட்ட அம்மா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போனாள். சொல்லிக்கொடுக்கிற அண்ணன் தன் பக்கத்து பிரேக்கை மறந்து, காலை மடக்கி சம்மணமே போட்டுவிட்டார். "யக்கா, இன்னாக்கா நீ! வருசக்கணக்கா ஓட்டிக்கினு கீற மாதிரி ஓட்ற. எனுக்கு இங்க இன்னா வேலை? எறங்கி டீ குடிக்கப் போறேன்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பு முன்னால் தொங்கிய குட்டிக் கண்ணாடியில் தெரிந்தது. வீட்டில் அவ்வளவு பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உரிமம் வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். தன் சம்பளத்தில் சின்னதாக ஒரு கார் வாங்கி அலுவலகம் போய்வரப் போகிறாளாம். எந்தக் கார் என்பதையும் மனதில் குறித்துவைத்திருந்தாள். அடையாறு சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் பார்ப்பாளாம்: சிவப்பாக, குட்டியாக, பின்பக்கம் வெட்டிவிட்டது போல இருக்கும் வண்டி. பஸ் இரண்டு சிக்னல் விழுந்தும் நகராத இடத்தில் அது பாட்டுக்கு வளைந்து நெளிந்து போய்க்கொண்டே இருக்குமாம். "ஒரு விரலால ஸ்டியரிங் திரும்புமாம்டி. ஓட்டறதுக்கே ஜாலியா இருக்கும்" என்று எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

அந்த 'ஜாலி' பெரியப்பாவின் காதில் விழுந்ததுதான் வினை.

"ஜாலிக்கா கார் வாங்குவாங்க? காருன்னா அது குடும்பத்துக்கு. நாலு பேர் ஏறணும், நாலு இடம் போகணும்" என்றார். பெரியப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பரீட்சை என்றால் அவர்தான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். ஆனால் வீட்டில் ஒரு பொருள் வந்தால் அது எல்லாருக்கும் பொது, அதை யார் எப்போது உபயோகிப்பது என்பது மட்டும் தன் முடிவு என்பது அவர் கொள்கை.

வண்டி வருமுன்பே அது போக வேண்டிய இடங்களெல்லாம் நிச்சயமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவான்மியூர் மருந்தீஸ்வரர். சனிக்கிழமை பெரியம்மாவின் முழங்கால் டாக்டர், அடையாறு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து, பெரியப்பாவின் திருவல்லிக்கேணி சிநேகிதர். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏர்போர்ட். "நம்ம வீட்டுலயே டிரைவர் இருக்கறப்ப டாக்ஸிக்காரனுக்கு எதுக்கு அழணும்?" என்று பெரியம்மா நியாயமாகவே கேட்டார். அம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி நறுக்கினாள்.

ஷோரூமுக்கு நாங்கள் போனது அசல் பெண் பார்க்கும் படலம். பெரியம்மா பட்டுப்புடவை. பெரியப்பா விபூதிப் பட்டை. பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதில் மெஷின் காபி. டை கட்டிய பையன் ஒருவன் எங்களை நீளமான வெள்ளிநிறக் காரின் முன் நிறுத்தினான். எங்கள் குடும்ப வழக்கப்படி அதில் உட்கார்ந்து பார்த்தோம். எல்லாருமே பின் சீட்டில். கால் நீட்டினால் இடிக்கிறதா, தலை முட்டுகிறதா, சாய்ந்தால் தூக்கம் வருமா என்று பெரியப்பா கண்ணை மூடியே சோதித்தார். இன்ஜினைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவில் மடக்கி இறக்கினால் கை வைத்துக்கொள்ள ஒரு திண்டு வந்தது. பின்னால் உட்காருபவர்களுக்கென்றே தனியாக ஏசி காற்று. எனக்கு அந்தத் திண்டின் மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. சிவப்புக் குட்டிக் கார் ஓரமாக நின்றது. அதில் திண்டு இல்லை என்பதை எட்டிப்பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சந்துக்குள் நுழையுமா என்று பார்க்க வெள்ளி வண்டியை அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அப்பா மடியில் நான். முன்னால் டை கட்டிய பையன். சந்தின் திருப்பத்தில் ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், மறுபக்கம் இஸ்திரி வண்டி. நடுவில் நாங்கள் ஆப்பு அடித்தது போல் நின்றோம். "லெஃப்ட்ல ஒடி", "இல்ல இல்ல, ரைட்டு", "முதல்ல ஹாரன் அடி" என்று பின் சீட்டிலிருந்து ஆளாளுக்கு நாட்டாமை. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "இன்னா சார், சந்துக்குள்ள கப்பலயா இட்டாந்துகிறீங்க? யம்மா, நீ அவங்க சொல்றத கேக்காத. என் கைய மட்டும் பாரு. ஹாங், வுடு, வுடு, வந்துகினே இரு." அம்மா அவர் கையை மட்டும் பார்த்து, ஒரு கீறல் விழாமல் பின்பக்கமாகவே ஓட்டி வெளியே கொண்டுவந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"பழகிடும்" என்றார் பெரியப்பா, பின் சீட்டில் சாய்ந்தபடி.

வெள்ளிக்கிழமை, ராகு காலம் தொடங்குவதற்குள் பணம் கட்டிவிடுவதென்று மறுபடி எல்லாரும் போனோம். அம்மா வழியெல்லாம் சாலையில் போகிற சின்னக் கார்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் திண்டும் வேண்டியிருந்தது. காகிதங்களை எடுத்துவர அந்தப் பையன் உள்ளே போன நேரத்தில்தான் அவள் மெதுவாகச் சொன்னாள். "மாமா, அந்தச் சின்னது பக்கத்துலயே நிக்குது. ஒரே ஒரு தடவை உக்காந்து பாத்துருங்க. நீங்களே பாத்து வேணாம்னு சொல்லிட்டா எனக்கும் மனசு ஆறிடும்."

இப்படிப் பணிவாகக் கேட்டால் பெரியப்பா உருகிவிடுவார். "அதுக்கென்ன, பாத்துடுவோம்" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலை கூரையில் முட்டியது, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பெரியம்மா மறுபக்கம் ஏறியதும் இருவரும் அசையக்கூட முடியாமல் அடைபட்டார்கள். இறங்கப் போனபோது வேட்டி சீட் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. அப்பா ஒரு கையையும் ஓடிவந்த காவலாளி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அடுத்த மேஜையில் கார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மொத்தமும் திரும்பிச் சிரித்தது. அதில் ஒரு சின்னப் பையன் கைதட்டிவிட்டான்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது காரா? குண்டுச்சட்டி! இதுல இன்னொரு தடவை நான் ஏறினா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்!" என்று ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். ஏதோ ஒரு மனஸ்தாபத்தில் பெரியம்மாவின் தம்பி வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று ஒரு காலத்தில் சொல்லிவிட்டார். அப்புறம் சமாதானமாகி, வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்வருகிறார். ஆனாலும் தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துத்தான் போவார்.

"அப்ப உங்களுக்கு இது சரிப்படாதா மாமா?" என்று அம்மா கேட்டாள்.

"சரிப்படவே படாது!"

"அக்காவுக்கும்?"

"என் முட்டிக்கு இது ஆகவே ஆகாதும்மா" என்றார் பெரியம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இதுல கஷ்டப்பட வேணாம். டாக்டருக்கு, கோயிலுக்கெல்லாம் நானே கால் டாக்ஸி சொல்லிடறேன். இது எனக்கு ஆபீஸ் போய்வர இருக்கட்டும்" என்ற அம்மா, காகிதத்தோடு வந்த பையனைப் பார்த்து, "தம்பி, சிவப்பு" என்றாள்.

இப்போதுதான் ஊரறியச் சபதம் போட்ட பெரியப்பா, எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பார்? தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அண்ணன் பேச்சைத் தட்டியதே இல்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டு, "அவதானேண்ணா ஓட்டப்போறா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நான் திண்டு போய்விட்டதே என்று ஓவென்று அழுதேன். பெரியப்பா கோபமாக இருக்கிறார், பெரியம்மாவுக்கு முட்டி வலிக்கிறது, எல்லாருக்கும் பிடித்த வண்டியை விட்டுவிட்டு யாருக்கும் இடமில்லாத வண்டியை அம்மா வாங்குகிறாளே, இவளுக்குச் சாமர்த்தியமே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வண்டி வந்த அன்று பெரியப்பாதான் தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் பூஜைக்கு ஏற்பாடு செய்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார், அம்மாவின் நெற்றியில் தானே குங்குமம் வைத்தார். ஏறவில்லை. ஒரு மழை நாளில் சந்தில் வண்டிகள் எறும்பு போல ஊர்ந்தபோது, காய்கறிப் பையோடு நனைந்துகொண்டு வந்த அவரைப் பார்த்து அம்மா கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்க மாமா, யாரும் பாக்கல." "மனசு பாக்குதில்ல?" என்றவர் பையை மட்டும் ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தார். குடையைப் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து, வெண்டைக்காய் விலையைப் பேசிக்கொண்டே வீடு வரை வந்தார். எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் அவர்தான்.

கார் வந்தும் அம்மா பஸ்ஸில் வந்த நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். சில நாள் இன்னும் தாமதம். கேட்டால் "டிராஃபிக்" என்பாள். காத்திருந்து பார்த்த பெரியம்மா, தன் காபியைத் தானே கலந்துகொள்ளப் பழகிவிட்டார்.

கோடை விடுமுறையில் சில நாட்கள் அம்மா என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். சாயங்காலம் திரும்பும்போது அடையாறு பக்கம் நேரே போகாமல் சட்டென்று வலது பக்கம் ஒடித்தாள். சின்னச் சின்னத் தெருக்கள், திருப்பம் மேல் திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றினாள். பெசன்ட் நகர் கடற்கரையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை மட்டும் அணைத்து, பாட்டுக்காகச் சாவியைத் திருப்பியபடியே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஏம்மா இங்க நிக்கிறோம்?"

"வண்டி சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

சுண்டல் வாங்கிக் கொடுத்தாள். கைப்பேசி அடித்தது. வீட்டு எண். அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் வண்டி சூடானது. அதற்கு மறுநாளும்.

எனக்குக் கவலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பெரியப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? குண்டுச்சட்டின்னா சூடாகாம என்ன செய்யும்? பெரிய வண்டி வாங்கியிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்று நான் அப்பாவை நச்சரித்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சின்ன வண்டி இல்லையா, சூடாகத்தான் செய்யும். ஆறவிட்டு எடுத்தா போதும். நீ இதைப் போட்டு அலட்டிக்காத" என்றார். வண்டியைப் பற்றி எதுவுமே தெரியாத அப்பா அவ்வளவு நிச்சயமாகச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போன மாதம் நானும் ஒரு குட்டிக் கார் வாங்கினேன். என்னுடையது நீலம். புகுந்த வீட்டில் எல்லாரும் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நான் விற்பனைப் பெண்ணிடம் மிகவும் அக்கறையாகக் கேட்டது ஒன்றுதான். "சின்ன வண்டியாச்சே, தினம் ஓட்டினா ரொம்ப சூடாகுமோ?" அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சூடா? சான்ஸே இல்ல மேம். இதோ, இன்ஜின் சூட்டைக் காட்டற இந்த முள் நடுவுலயேதான் நிக்கும். எந்தக் காலத்து வண்டியா இருந்தாலும் நல்லா இருக்கற வண்டிக்கு அப்படித்தான்" என்று ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த வட்டம் எனக்குத் தெரியும். சிவப்பு வண்டியிலும் அது இருந்தது. கடற்கரையில் சுண்டலைத் தின்று முடித்த பிறகு பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முள் ஒரு நாளும் நடுவை விட்டு அசைந்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான், "ஆறிடுச்சாம்மா? போலாமா?" என்று நச்சரிப்பேன். அம்மா கண்ணைத் திறக்கமாட்டாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்பாள்.