மாலை கிடந்த வரைக்கும்

என் அண்ணனை யாராவது குடிகாரன் என்றால் அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வரும். அவள் கணக்கில் குடிகாரன் என்றால் தினமும் குடிக்க வேண்டும், ரோட்டில் விழுந்து கிடக்க வேண்டும், பெண்டாட்டியை அடிக்க வேண்டும். இவனோ வயரிங் வேலைக்குப் போய்விட்டு ஒழுங்காக வீட்டுக்கு வருகிறவன். சனிக்கிழமை கூலி வாங்கினால் மட்டும்தான் குடி. "வயசுப் பிள்ளை, சேக்காளிகளோட அப்படி இப்படித்தேன் இருக்கும்" என்பாள்.

அந்த அப்படி இப்படியைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் காரைக்குடியில் எங்கள் தெருப் பையன்கள் அரியக்குடி ரோட்டுக் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து, கடைசிவரை சாயாமல் இருப்பது யார் என்று பந்தயம் வைத்துக் குடிப்பார்கள். தண்ணீர்கூடக் கலக்க மாட்டார்களாம். பெரும்பாலும் அண்ணன்தான் ஜெயிப்பான். ஜெயித்தவனைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஞாயிறு முழுக்க வாந்தி. அம்மா மோர் கரைத்துக் கரைத்துக் கொடுப்பாள். அந்தச் சொம்பைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று எனக்கு வரும்.

ஒரு ஞாயிறு வாந்தியோடு வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டது. மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உருண்டான். பெரிய டாக்டர் பார்த்துவிட்டுக் கணையம் வீங்கியிருக்கிறது என்றார். "தினமும் குடிக்கிற ஆள் இல்லங்கய்யா" என்று அம்மா அங்கேயும் ஆரம்பித்தாள். "ஒரு வாரத்துக்குக் குடிக்கிறத ஒரே ராத்திரியில ஊத்துனா எந்த உடம்பும்மா தாங்கும்? இனி ஒரு தடவை இப்படிக் குடிச்சா உயிருக்கு நான் பொறுப்பில்ல" என்றார் அவர். அண்ணனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விஷயம் கேள்விப்பட்டுப் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

மார்கழியில் அவனே போய்ப் பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தான்.

மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கடிந்து பேசக் கூடாது. பெற்றவளுக்கும் அவன் சாமிதான். "சாமி, சாப்பிட வாரீகளா?" என்று அம்மா கேட்பாள். கண்மாய்க்கரைப் பையன்களும் நாலடி தள்ளி நின்றுதான் பேசினார்கள். கூப்பிட ஒருத்தனும் வரவில்லை. விடியலில் குளித்து, இரண்டு வேளை சாப்பிட்டு, அண்ணன் தேறிவிட்டான். எங்கள் வீட்டில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது அந்த நாட்களில்தான்.

தைப்பூசம் முடிந்து, நடந்த காலெல்லாம் கொப்புளமாக ஊர் திரும்பினான். எங்கள் தெருவில் பெற்றவள் கையால்தான் மாலையைக் கழட்ட வேண்டும். அம்மா கழட்டவில்லை. ஒருநாள் செவ்வாய்க்கிழமை என்றாள், ஒருநாள் அஷ்டமி என்றாள், ஒருநாள் தனக்குத் தலைவலி என்றாள். தெருவே சிரித்தது. "சாமி எப்ப மலையேறும்?" என்று சேக்காளிகள் வாசலில் வந்து கேலி பேசினார்கள்.

"உனக்கு வெக்கமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"கழட்டுனா இவங்கெகூடப் போயிருவேன் பாப்பா. எனக்கே தெரியுது" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "அம்மா வேற சாமி சாமிங்குது. கேக்க நல்லாத்தேன் இருக்கு" என்றான்.

வாய்த்துடுக்கு எனக்கு அதிகம் என்பார்கள். அன்றைக்கு நானும், "சாப்பிட வாங்க சாமி" என்று கூப்பிட்டுவிட்டு இலை போடப் போனேன்.

மாசியில் திருப்பத்தூரில் பெரியப்பா இறந்துபோனார். அப்பா கூடப் பிறந்தவர். பங்காளித் தீட்டு வந்தால் கழுத்தில் மாலை இருக்கக் கூடாது. சேதி சொல்ல வந்தவர் வாசலில் நிற்க, அம்மா அழுதுகொண்டே கழட்டினாள். அவள் பெரியப்பாவுக்காக அழுவதாக வந்தவர் நினைத்திருப்பார். கழட்டிய கையோடு பழைய பேச்சும் வந்துவிட்டது. "டேய், அங்குட்டுப் போயி எவன்கூடயும் சேராத. எடுத்து முடிஞ்சதும் பஸ் ஏறிரு."

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. முன்னால் நின்று செய்ய வேண்டியவன் அவன்தான். போகாதே என்று யார் சொல்ல முடியும்? மூன்று பேரும் போனோம்.

வயசாகிப் போன சாவு. மேளம், வேட்டு, ஆட்டம். ஆடுகிற பையன்களுக்குச் சாவு வீட்டுக்காரர்களே பாட்டில்களைப் பெட்டியாக வாங்கி வைத்திருந்தார்கள். அப்படி வைக்காவிட்டால் மரியாதை இல்லையாம். நல்ல மரியாதை! நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அண்ணன் பந்தலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரோ தோளில் கை போட்டு இழுத்தார்கள். அடுத்த முறை பார்த்தபோது பாடைத் தேருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தான். அத்தனை நாள் விட்டதையெல்லாம் ஒரே பகலில் பிடிக்கிறவன் மாதிரி குடித்ததாகப் பிறகு சொன்னார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. திரும்பி வரும்போது அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

வேன் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அம்மா வழியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாலை இல்லாத நாளிலும் அவனை அப்படிக் கூப்பிட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கூப்பிட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண்ணைத் திறந்தான். என்னைக் கிட்டே வரச் சொன்னான்.

"தீட்டுக் கழிஞ்சதும் மாலையைப் போட்டுருவோம் பாப்பா. மார்கழி வரைக்கும் பாக்க வேணாம். இந்தத் தடவ கழட்டவே வேணாம்னு அம்மாட்டச் சொல்லு."

"சரிண்ணே" என்றேன்.

பெரியப்பா தீட்டுக் கழிவதற்குள் எங்கள் வீட்டில் அடுத்த தீட்டு விழுந்துவிட்டது.