நீலக் கோட்டில் ஒரு விசில்

டெல்சி ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவள். பெற்றோர் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போன பனித்தளத்தில் சறுக்கத் தொடங்கியவள், பிறகு ஐஸ் ஹொக்கியை விடவேயில்லை. பத்தொன்பது வயதில் முழங்காலில் தசைநார் அறுந்தது. இனி விளையாட முடியாது என்றானதும் நடுவர் பயிற்சிக்குப் போனாள். முப்பது வயதுக்குள் தொழில்முறை இரண்டாம் லீக்கில், கோடு தாண்டும் தவறுகளைக் கவனிக்கும் கோட்டு நடுவராகிவிட்டாள்.

அந்த ஏப்ரலில், தெற்கே ஒரு சிறு நகரத்தில் நடந்த ஆட்டம் அவளுக்குக் கிடைத்தது. தோற்கும் கிளப் மூன்றாம் லீக்குக்கு இறங்க வேண்டும். தாய் டொறத்தி தானும் வரப்போவதாகச் சொன்னாள்.

"அம்மா, அங்க ஆக்கள் என்னையும் சேர்த்து ஏசுவினம். வாய் திறக்காம இருக்க ஏலுமே?"

"ஓம், இருப்பன்."

டொறத்திக்கு உள்ளூர் ரசிகர்களின் நடுவில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் ரைனர் என்ற ஓய்வுபெற்ற தச்சர். யாரோடாவது பேசாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"தொண்ணூற்று நான்கில் பழைய லீக்கை மூடிப் புதியது தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எல்லாமே பெரிதாகிவிட்டது. பெரிய அரங்குகள், தொலைக்காட்சி. எங்களைப் போன்ற சிறு கிளப்கள் முதல் லீக்குக்குப் போகும் கதவைப் பல வருடம் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போதுதான் திறந்திருக்கிறது. இன்றைக்கு விழுந்தால் அந்தக் கதவுக்குக் கிட்டவும் போகமாட்டோம்."

ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் போடுபவருக்கே வெற்றி. உள்ளூர் அணி பக் எனும் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. டெல்சி விசில் ஊதினாள். அதைக் கேட்காத ஆட்டக்காரன் அடித்தான், வலை அசைந்தது. மண்டபம் எழுந்து ஆர்ப்பரித்தது. டெல்சியின் கை மட்டும் உயர்ந்தே நின்றது. எதிரணிப் பகுதியைப் பிரிக்கும் நீலக் கோட்டை பக் தாண்டுமுன்பே இன்னொரு உள்ளூர் ஆட்டக்காரன் உள்ளே போய்விட்டான், அது விதிமீறல் என்பது அவள் தீர்ப்பு. விசிலுக்குப் பிறகு விழுந்த கோல் என்பதால் வீடியோவில் பார்க்கவும் வழியில்லை.

உள்ளூர் அணித்தலைவன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "உண்மையாகவே பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"உன் நாட்டுக்குப் போ!" என்று ரைனர் கத்தினார். டொறத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் எதிரணி கோல் போட்டது. பிறகு பியர்க் குவளைகள் பறந்தன. காவலர்கள் டெல்சியின் தலைக்கு மேல் ஜாக்கெட்டைப் பிடித்தபடி அவளை உள்ளே இழுத்துப் போனார்கள்.

டொறத்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அவள் என் மகள். கொலோனில் பிறந்தவள். அவளுக்கு வேறு நாடு இல்லை."

ரைனர் திரும்பினார். கன்னங்கள் நனைந்திருந்தன. மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்படியானால் நாங்கள் இனி எங்கே போவது என்று அவளைக் கேளுங்கள்," என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் டொறத்திதான் கார் ஓட்டினாள்.

"வடிவாக் கண்டனியே பிள்ளை?"

"கண்டனான். ஆனா இப்ப கண்ணை மூடினா ஒண்டும் தெரியுதில்லை அம்மா."

தொலைக்காட்சிப் படத்தில் ஓர் ஆட்டக்காரனின் உடல் கோட்டை மறைத்தது. அவள் சரியென்றோ பிழையென்றோ எவராலும் நிறுவ முடியவில்லை. கோடை முழுவதும் கைபேசிக்கு வசைகள் வந்தன. இரண்டு முறை விலகல் கடிதம் எழுதி அழித்தாள்.

செப்டம்பரில் அதே நகரத்தில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு நடுவர் தேவைப்பட்டது. அவளே கேட்டு வாங்கினாள். பனியில் இறங்கியதும் கூட்டம் வெறுப்போடு சீழ்க்கையடித்தது. ஆட்டத்தைத் தொடங்கப் பக்கைப் போட அவள் குனிந்தபோது எதிரே அதே அணித்தலைவன்.

"அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் தெரியவில்லை," என்றான்.

"எனக்கு அன்றைக்குத் தெரிந்தது," என்று சொல்லிவிட்டு டெல்சி பக்கைப் போட்டாள்.