நடைவண்டிக்கு விட்ட எண்ணெய்

என் மகளுக்கு ஒன்றே கால் வயதாகியும் தனியாக நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை எடுத்ததும் உட்கார்ந்துவிடுவாள். "இன்னும் மூணு மாசம் பார்ப்போம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அந்த மூன்று மாதத்துக்கும் பயப்படப் போதுமானதை நான் போனில் படித்து வைத்திருந்தேன்.

பிளாஸ்டிக் வாக்கர் வேண்டவே வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதனால் அத்தை, அதாவது என் மாமியார், நடைவண்டி செய்யத் தச்சரை வரவழைத்தார். போன வருடப் புயலில் வாய்க்கால் கரையில் சாய்ந்த பூவரசு காய்ந்து கிடந்தது; அதுதான் வண்டிக்கு மரம். தச்சர் என்னைவிட இளையவர். டவுனில் மிஷின் வைத்து பிளைவுட் அலமாரிகள் செய்பவர். எங்கள் வீட்டுக்கு உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, கைவாள் மட்டும் கொண்டுவந்தார்.

கொல்லையில் அவர் பக்கத்திலேயே நின்றேன். கைப்பிடியை இழைத்து முடித்ததும் துப்பட்டாவால் தடவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நூல் மாட்டியது. மரச் சிலாம்பு.

"அக்கா, உப்புத்தாள நீங்களே புடிங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

"அவ கையில குடுக்காத தம்பி," என்றார் அத்தை. "தேய்ச்சுத் தேய்ச்சு வண்டிய தீக்குச்சி ஆக்கிடுவா."

மாலையில் வண்டி தயார். சக்கரம், அச்சு எல்லாமே மரம். தள்ளினால் கீச்சென்று கத்தி, மனமில்லாமல் நகர்ந்தது. இதை அவள் எப்படித் தள்ளுவாள்? தச்சரிடமே கேட்டிருக்கலாம். வேலையைக் குறை சொல்வதுபோல் ஆகுமோ என்று கேட்கவில்லை. மறுநாள் அத்தை கடைக்குப் போயிருந்தபோது சமையலறையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து மூன்று சக்கரத்துக்கும் விட்டேன். சத்தம் நின்றது. ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது.

மகளைத் தூக்கி வண்டியின் பின்னால் நிறுத்தினேன். அவள் கைப்பிடியில் சாய்ந்ததும் வண்டி டைல்ஸில் முன்னால் ஓடிவிட்டது. நான் பிடிப்பதற்குள் முகம் தரையில் பட்டு உதடு கிழிந்தது. சின்னக் காயம்தான். ஆனால் அதன் பிறகு வண்டியைக் கண்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுவரைப் பிடித்து நிற்பதையும் விட்டுவிட்டாள்.

"சக்கரம் சரியில்ல போலருக்கு அத்தை," என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அத்தை போன் செய்ததும் தச்சர் வந்தார். வண்டியைக் கவிழ்த்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏங்க்கா, எண்ணெ வச்சீங்க சரி, தலைவாரிப் பூ வைக்கலியா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். "நான்தான் விட்டேன்," என்றேன். "சுலபமா ஓடட்டும்னு."

"ஓடக் கூடாதுக்கா. புள்ள சாஞ்சா தாங்கணும், தள்ளுனா நகரணும். அதான் இறுக்கி வச்சேன். சொல்லாமப் போனது என் தப்பு."

எண்ணெய் ஊறிய அச்சுகளை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சத் துண்டில் கொஞ்சம் பருமனாகப் புதிதாகச் செதுக்கினார். அத்தை என்னைத் திட்டவில்லை. சமையலறையில் எண்ணெய்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "தோசைக்கு மிச்சம் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் நான் மகளை வண்டியருகே கொண்டுபோகவில்லை. அத்தைதான் அவள் கரடி பொம்மையை அதன்மேல் உட்காரவைத்து, தினமும் கூடத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் கீச்சென்றது. நின்றது. மறுபடியும் கீச். சமையலறையில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். அத்தை ஊஞ்சலில் இருந்தார். கரடியைப் பிடிக்க எழுந்தவள் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். முழுப் பாரத்தையும் அதில் போட்டுச் சாய்ந்தாள், வண்டி தாங்கியது. தள்ளினாள், ஒரு சாண் நகர்ந்து நின்றது. அவளும் நின்றாள்.

ஓடிப்போய்ப் பிடிக்கக் கால் பரபரத்தது. மடியிலிருந்த கீரையை இறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.