உள்பக்கக் கைப்பிடி

கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிப்பது அந்த வீட்டில் அவர் வேலை. தலையணை உறையைக்கூட முனைக்கு முனை சேர்த்து, ஓரத்தை உள்ளங்கையால் நீவி, சதுரமாகத்தான் அடுக்குவார். "தலைக்கு அடியில கசங்கப் போறதுக்கு இவ்வளவு மரியாதையா?" என்பாள் மனைவி. "கசங்கறது அதோட குணம். மடிக்கிறது என் குணம்" என்பார்.

துணியெல்லாம் உள்ளே போன பிறகுதான் இரும்பைத் தொடுவார். கொடிக்குக் கீழே, சலவை மெஷினுக்குப் பக்கத்தில்தான் இரும்பைச் சீவும் அவருடைய மில்லிங் மெஷின் நிற்கிறது. துண்டில் ஒளிந்திருந்த இரும்புச் சுருள் ஒன்று மனைவியின் கன்னத்தைக் கீறிய நாள்முதல் இந்த ஒழுங்கு.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகலெல்லாம் வட்டம், பொழுது சாய்ந்தால் சதுரம். உருண்டைக் கம்பியின் முனையை நான்கு பக்கமும் சீவிச் சதுரமாக்குவதில் அப்படியொரு லயிப்பு. கட்டர் மெல்ல ஊர்ந்து போக, வளைவின் மேல் கோடுபோல் ஒரு சமதளம் பிறந்து, விடியற்கால வெளிச்சம் பரவுகிற மாதிரி அகலமாகும். எண்ணெய்ப் புகை இழையிழையாக எழும்பும். அவர் வாய் லேசாகத் திறந்திருக்கும். "இப்ப மிதந்துக்கிட்டு இருக்காரு, அப்புறமா வாங்க" என்று வந்தவர்களை மனைவி வாசலோடு அனுப்பிவிடுவாள்.

கரையேறினாலும் பேச்சு அவருக்குக் கஞ்சம்தான். புருஷனோடு இனி வாழ்வதில்லை என்று மகள் பெட்டியோடு வந்து இறங்கியபோது, பெட்டியை வாங்கி உள்ளே வைத்ததோடு சரி. "இரு" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. "உங்கப்பா வாயில வார்த்தையைப் பிடுங்கறதும் சுவத்துல ஆணியைப் பிடுங்கறதும் ஒண்ணு" என்று அம்மா சமாதானம் சொன்னாள். மகளுக்கு அது போதவில்லை.

அவளுடைய பழைய அறைக் கதவில் உள்பக்கக் கைப்பிடி கிடையாது. அதைப் பூட்டோடு இணைக்கும் தண்டு தேய்ந்து எப்போதோ கழன்றுவிட்டது. சாமான் போடும் அறைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து யாராவது வந்து திறக்க வேண்டும். அதனால் கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிட்டுத் தூங்கினாள்.

செருப்பைப் பார்த்துவிட்டார். அன்று மாலையே புதுத் தண்டுக்குக் கம்பி எடுத்தார். ஒரு முனை பூட்டின் துளைக்குள், மறுமுனை கைப்பிடிக்குள். இரண்டு சதுரமும் ஒரே திசை பார்க்க வேண்டும். அதற்காகக் கம்பியின் நடுவில் ஒரு சதுர இரும்புக் கட்டையை இறுக்கி, ஒரு பக்கம் சீவியதும் கட்டையோடு புரட்டி வைப்பார். இரண்டு முனையும் முடிகிறவரை கட்டையின் திருகில் கை வைக்கக் கூடாது. அவர் போட்ட சட்டம்தான். முதல் முனை முடிந்த நேரத்தில் மகள் வந்து நின்றாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமலே திரும்பிப் போனாள். அவள் முதுகைப் பார்த்தபடியே திருகைத் தளர்த்திவிட்டார்.

மாட்டிப் பார்த்தால், தூங்கி வழிகிறவன் தலைபோலக் கைப்பிடி சாய்ந்து நின்றது.

"கதவு திறக்குதுல்ல? விட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

"திறக்குது. ஆனா நாலு நாள் தங்கிட்டுப் போறவங்களுக்குப் போட்ட மாதிரி இருக்கு."

மறுநாள் வேறு கம்பி. இம்முறை மனைவியைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. மகள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, மண்டியிட்டு மாட்டினார். கைப்பிடி நீர்மட்டம்போலக் கிடையாக நின்றது. கடைசித் திருகை முடுக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, நான் இங்கேயே இருக்கட்டுமா, போகட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

அவர் கைப்பிடியை உள்ளங்கையால் ஒருமுறை நீவினார். எழுந்தார். கதவிடுக்கில் கிடந்த செருப்பை எடுத்து, அதன் ஜோடியோடு கட்டிலுக்கடியில் நேராகச் சேர்த்து வைத்தார். பிறகு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.